அப்டேட்டுக்குப் பிறகு எழும்பாத லெப்டொப்: போர்மட் பண்ண முன் செய்ய வேண்டியவை

அப்டேட் ஓடிய பிறகு லெப்டொப் எழும்பவில்லை என்றால், நம் மலையகப் பக்கத்தில் பலர் அதைப் பையில் போட்டுக்கொண்டு அட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ பண்டாரவளைக்கோ பஸ் ஏறுவார்கள். கடையில் கேட்கும் முதல் கேள்வி, "போர்மட் பண்ணவா?" தலையாட்டினால் மாலைக்குள் லெப்டொப் புதிதுபோல ஓடும். பிள்ளையின் ஒப்படை, பாடசாலை வினாத்தாள், கலியாணப் படங்கள் எதுவும் அதில் இருக்காது.

அப்டேட் குழம்பினால் பெரும்பாலும் கெடுவது விண்டோஸ் மட்டும்தான். உங்கள் கோப்புகள் டிஸ்க்கில் கிடந்த இடத்திலேயே கிடக்கும். அவை அழிவது அதிகமும் பின்னால் நடக்கும் திருத்த வேலையில்தான். ஆகவே இங்கே சொல்லும் வரிசையை மாற்ற வேண்டாம். கோப்புக்குத் தீங்கில்லாதவை முதலில் வருகின்றன, ஆபத்தானவை கடைசியில். எல்லாம் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

திரையில் சதவீதம் ஓடிக்கொண்டிருந்தால் அது பழுதல்ல, வேலை நடக்கிறது. எஸ்எஸ்டி எனும் வேகமான டிஸ்க் உள்ள லெப்டொப்பில் மாதாந்த அப்டேட் அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். பழைய ஹாட் டிஸ்க் என்றால் ஒரு மணித்தியாலம் தாண்டும். வருடத்துக்கொரு முறை வரும் பெரிய அப்டேட் அதே ஹாட் டிஸ்க்கில் மூன்று, நான்கு மணித்தியாலம்கூட எடுக்கும். 30 சதவீதத்தில் ஒரு மணித்தியாலம் நிற்கிறதே என்று பவர் பட்டனை அழுத்தியவர்கள்தான் உண்மையில் லெப்டொப்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள். டிஸ்க் விளக்கு மினுங்குகிறதா என்று பாருங்கள். மினுங்கினால் விட்டுவிடுங்கள். மூன்று மணித்தியாலமாக எண்ணும் மாறவில்லை, விளக்கும் மினுங்கவில்லை என்றால்தான் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி அணைக்கலாம்.

நடுவில் கரண்ட் போய் லெப்டொப் அணைந்திருந்தாலும் பதற வேண்டாம். கரண்ட் வந்த பிறகு போட்டால், செய்த மாற்றங்களைத் திரும்ப எடுப்பதாக ஒரு வாசகம் வரும். விண்டோஸ் தானாகவே பழைய நிலைக்குப் போகப் பார்க்கிறது என்று பொருள். அதற்கும் மேலே சொன்ன அளவு நேரம் கொடுங்கள். அந்தக் கட்டத்தில் இரண்டாம் தடவை கரண்ட் போவதுதான் மோசம். மழை நேரத்தில் கரண்ட் வந்து வந்து போகும் நாளென்றால், நிலையாக வரும்வரை லெப்டொப்பைப் போடாமலே வையுங்கள்.

விளக்கு எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் மூன்று காரணங்கள் இருக்கலாம். முதலாவது திரை டிரைவர், அதாவது திரையை இயக்கும் சிறு மென்பொருள். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். ஒரு 'பீப்' கேட்டுத் திரை வந்தால் அதுதான் காரணம். இரண்டாவது உள்ளே தேங்கிய மின்சாரம். சார்ஜரைக் கழற்றி, பெட்டரி கழற்றக்கூடியதென்றால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 முதல் 60 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் கொடுத்துப் போடுங்கள். மூன்றாவது பயோஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே லெப்டொப்பை எழுப்பும் அடிப்படை மென்பொருள். இது வேறு கதை, கீழே தனியாக வருகிறது.

பழுதுபார்க்கும் திரைக்குப் போவது

உள்நுழையும் திரை வந்தால் ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட்டைக் கிளிக் பண்ணுங்கள். அதுகூட வரவில்லை என்றால் லெப்டொப்பைப் போடுங்கள். கம்பனியின் அடையாளம் தோன்றி அதன் கீழே புள்ளிகள் சுற்றத் தொடங்கியதும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இதை இரண்டு, மூன்று தடவை செய்தால் அடுத்த தடவை விண்டோஸ் தானாகவே 'ஓட்டோமெட்டிக் ரிப்பேர்' திரைக்குப் போகும். அங்கே அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், பிறகு ட்ரபிள்ஷூட், மறுபடி அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ். இனி எல்லா வேலையும் இங்கிருந்துதான்.

மூடுபனியும் ஈரமும் கீபோர்டைத் தின்னும் ஊர் இது. வெளிக் கீபோர்டு போட்டுப் பாவிப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2025 ஒக்டோபரில் வந்த ஒரு விண்டோஸ் 11 அப்டேட், இதே பழுதுபார்க்கும் திரையில் யூஎஸ்பி கீபோர்டையும் மவுஸையும் வேலை செய்யாமல் ஆக்கியது. மைக்ரோசொப்ட் ஒக்டோபர் 20 அன்று அதற்குத் திருத்தம் வெளியிட்டது. அந்தத் திருத்தம் ஏறாத லெப்டொப்பில் யூஎஸ்பி மவுஸ் செத்தது போலிருந்தால் கழற்றி மாட்டிப் பயனில்லை. லெப்டொப்பின் சொந்தக் கீபோர்டில் டாப், அம்பு, என்டர் விசைகளால் நகருங்கள்.

48 இலக்கத் திறப்பு

இந்த இடத்தில் சிலருக்கு நீலத் திரை வந்து 48 இலக்க மீட்பு எண் கேட்கும். 'நான் ஒருநாளும் லொக் போடவில்லையே' என்பார்கள். விண்டோஸ் 11 உள்ள பல லெப்டொப்களில் மைக்ரோசொப்ட் கணக்கால் உள்நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டப்பட்டுவிடுகிறது. இதற்குப் பெயர் பிட்லொக்கர். பயோஸ் அப்டேட் ஏறினாலும், துவக்க அமைப்பு மாறினாலும் இந்தக் கேள்வி எழும்.

எண் உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும். போனில் மைக்ரோசொப்ட் தளத்துக்குப் போய், லெப்டொப்பில் பாவித்த அதே ஈமெயிலால் நுழைந்து, 'டிவைசஸ்' பகுதியில் உங்கள் லெப்டொப்பைத் தெரிவுசெய்து, ரிகவரி கீ என்ற இடத்தைப் பாருங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால், நீலத் திரையில் காட்டும் அடையாளத்தின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒத்துப்போவதை எடுங்கள். வாங்கிய கடையிலேயே கணக்கைத் திறந்து தந்திருந்தால் அந்த ஈமெயில் எது என்று கேட்டுப் பாருங்கள். பாடசாலை, பல்கலைக்கழகக் கணக்கென்றால் அந்த நிறுவனத்தின் கணினிப் பிரிவிடம் இருக்கும்.

எண் கிடைக்கவே இல்லை என்றால் அந்த டிஸ்க்கில் உள்ளது போனதுதான். 'உடைத்து எடுத்துத் தருகிறோம்' என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அதை உடைக்கும் கடை கொழும்பிலும் இல்லை.

முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள்

விண்டோஸ் எழும்பாமலே கோப்புகளைப் பென் டிரைவுக்கு மாற்ற முடியும். பலருக்குத் தெரியாத இந்த வழிக்கு இன்டர்நெட்டும் வேண்டாம், வேறு லெப்டொப்பும் வேண்டாம்.

1. போதிய இடமுள்ள பென் டிரைவையோ வெளி ஹாட் டிஸ்க்கையோ செருகுங்கள்.

2. அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸில் 'கமாண்ட் ப்ரொம்ப்ட்' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். கறுப்புச் சன்னல் ஒன்று வரும். அட்மின் கணக்கின் கடவுச்சொல் கேட்டால் கொடுங்கள்.

3. அதில் நோட்பேட் (notepad) என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் அடியுங்கள். வழக்கமான நோட்பேட் திறக்கும்.

4. ஃபைல், பிறகு ஓபன். வரும் சன்னலின் கீழே வலப்பக்கம் 'டெக்ஸ்ட்' என்று இருப்பதை 'ஆல் ஃபைல்ஸ்' ஆக்குங்கள். இதை மறந்தால் போல்டர்கள் காலியாகத் தெரியும். கோப்பெல்லாம் போய்விட்டது என்று பயந்துபோவீர்கள்.

5. இடப்பக்கம் 'திஸ் பிசி' என்பதைத் திறவுங்கள். எக்ஸ் என்று ஒரு டிரைவ் தெரியும். அது பழுதுபார்க்கும் திரைக்கான தற்காலிக இடம், தொட வேண்டாம். வழமையாக சி என்று இருந்த டிரைவ் இங்கே டி அல்லது ஈ ஆகவும் தெரியலாம். 'யூசர்ஸ்' போல்டர் எதில் இருக்கிறதோ அதுதான் உங்களுடையது.

6. யூசர்ஸுக்குள் உங்கள் பெயர், அதற்குள் டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ். ஒரு போல்டர் மேல் வலது கிளிக், கொப்பி. பென் டிரைவுக்குள் போய் வெற்றிடத்தில் வலது கிளிக், பேஸ்ட்.

இனிப் பொறுமை வேண்டும். எவ்வளவு கொப்பியானது என்று காட்டும் பச்சைக் கோடு இங்கே வராது. சன்னல் உறைந்ததுபோல நிற்கும். பென் டிரைவின் விளக்கு மினுங்கும் வரை தொடாதீர்கள். எல்லாவற்றையும் ஒன்றாகத் தூக்காமல் போல்டர் போல்டராக மாற்றினால் எங்கே தடங்கியது என்று தெரியும். டெஸ்க்டொப் காலியாக இருந்தால் அதே பெயருக்குள் உள்ள 'ஒன்டிரைவ்' போல்டருக்குள் இன்னொரு டெஸ்க்டொப் இருக்கிறதா என்று பாருங்கள்.

கோப்புகளோடு இன்னொன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்: விண்டோஸ் போல்டருக்குள் இருக்கும் 'பொன்ட்ஸ்'. பாமினி எழுத்துருவில் தட்டிய வினாத்தாள்கள் வைத்திருக்கும் ஆசிரியர்களுக்கு இது கட்டாயம். விண்டோஸைப் புதிதாக ஏற்றினால் பாமினி போய்விடும். பத்து வருட வினாத்தாள்கள் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கூழாகத் திறக்கும். கோப்பு கெடவில்லை, எழுத்துருதான் இல்லை. பாமினியைத் திரும்பப் போட்டதும் தமிழ் வந்துவிடும்.

ஹாட் டிஸ்க்கிலிருந்து 'டிக், டிக்' என்று சத்தம் வந்தால் அப்டேட்டைக் குறை சொல்ல வேண்டாம். ஏற்கெனவே சாகக் கிடந்த டிஸ்க், அப்டேட் பல ஜிபி எழுதியபோது தாங்கவில்லை. அப்படியென்றால் மிக முக்கியமான ஒன்றிரண்டு போல்டர்களை மட்டும் எடுத்துவிட்டு உடனே அணையுங்கள். போட்டுப் போட்டு அணைக்கும் ஒவ்வொரு தடவையும் அதன் ஆயுள் குறையும். திருத்தம் எதுவும் முயல வேண்டாம், டிஸ்க்கையே மாற்ற வேண்டும்.

அப்டேட்டைக் கழற்றுவது

கோப்புகள் வெளியே வந்துவிட்டால் நிம்மதியாக வேலை செய்யலாம். அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸில் 'அன்இன்ஸ்டோல் அப்டேட்ஸ்' என்பதற்குள் இரண்டு தெரிவுகள் இருக்கும். 'குவாலிட்டி' என்பது மாதாந்த அப்டேட், 'ஃபீச்சர்' என்பது வருடாந்தப் பெரிய அப்டேட். நேற்று ஏறியது எது என்று தெரியாவிட்டால் குவாலிட்டியை முதலில் கழற்றுங்கள். பெரிய அப்டேட்டை ஏறிய 10 நாட்களுக்குள்தான் கழற்றலாம். அதன்பின் பழைய விண்டோஸின் பிரதியை லெப்டொப் தானே அழித்துவிடும். 'தைப்பொங்கல் லீவில் பார்ப்போம்' என்று மூடி வைத்தால் இந்த வழி அடைபடலாம்.

அதுவும் சரிவராவிட்டால் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்'. கால் மணித்தியாலம் ஓடும், பலிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. பிறகு 'சிஸ்டம் ரிஸ்டோர்'. பழைய தேதி எதுவும் அங்கே இல்லை என்று சொன்னால் அந்த வசதி உங்கள் லெப்டொப்பில் போடப்படாமல் இருந்திருக்கலாம், விட்டுவிடுங்கள்.

'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' போய் ரீஸ்டார்ட் கொடுத்து 4ஐ அழுத்தினால் சேஃப் மோட், அதாவது அடிப்படை டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் எழும்பும் நிலை. அதில் எழும்பினால் விண்டோஸ் நல்லாயிருக்கிறது, ஏதோ ஒரு டிரைவர்தான் கோளாறு என்று பிடிபடும். டிவைஸ் மெனேஜரில் திரைக்குரிய டிரைவரைத் திறந்து 'ரோல் பேக் டிரைவர்' அழுத்துங்கள். எல்லாம் எழும்பி வைஃபை மட்டும் காணாமல் போனாலும் இதே பட்டன்தான். அது மங்கலாக இருந்தால் புதிய டிரைவர் இறக்க வேண்டும். வைஃபை இல்லாமல் எப்படி இறக்குவது என்கிறீர்களா? அன்ட்ரொய்ட் போனை யூஎஸ்பி வயரால் மாட்டி, போனில் 'யூஎஸ்பி டெதரிங்' போடுங்கள். அதற்குத் தனி டிரைவர் தேவைப்படாது.

ரீசெட்டும் புதிதாக ஏற்றுவதும்

'ரீசெட் திஸ் பிசி'யில் 'கீப் மை ஃபைல்ஸ்' என்று இருக்கும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். சொந்தக் கோப்புகள் இருக்கும், நீங்கள் ஏற்றிய மென்பொருள்கள் எல்லாம் போகும். பிறகு 'கிளவுட்' என்றும் 'லோக்கல்' என்றும் கேட்கும். கிளவுட் ஏறத்தாழ 4 ஜிபி இறக்கும். டொங்கிளிலோ போன் ஹொட்ஸ்பொட்டிலோ டேட்டா எண்ணிப் பாவிப்பவர்கள் முதலில் லோக்கலை முயலுங்கள். அது பாதியில் நின்றால், இரவு டேட்டா உள்ள பெக்கேஜ் போட்டுக்கொண்டு கிளவுட்.

ரீசெட்டும் படுத்தால் பென் டிரைவிலிருந்து ஏற்ற வேண்டும். 8 ஜிபிக்குக் குறையாத வெற்றுப் பென் டிரைவ், ஓடுகிற இன்னொரு விண்டோஸ் லெப்டொப், 5 ஜிபி அளவு டேட்டா வேண்டும். மைக்ரோசொப்ட் தளத்தில் 'மீடியா கிரியேஷன் டூல்' இருக்கிறது, காசில்லை. பென் டிரைவில் உள்ளதெல்லாம் அழியும். கோப்புகளை எடுத்துவைத்த அதே பென் டிரைவை இதற்குக் கொடுத்து அழுதவர்கள் உண்டு. இரண்டிலும் வெவ்வேறு நிற டேப் ஒட்டிவிடுங்கள்.

பென் டிரைவிலிருந்து எழுப்ப எச்பியில் எஸ்கேப், பிறகு எஃப்9. டெல், லெனோவா, ஏசரில் பெரும்பாலும் எஃப்12. ஆசுஸில் எஸ்கேப். லெனோவாவில் பக்கவாட்டில் ஊசித்துளை போன்ற சிறு பட்டன் இருந்தால் அதைக் குத்தினாலும் மெனு வரும். லைசன்ஸ் இலக்கம் கேட்டால் 'என்னிடம் இல்லை' என்று தாண்டுங்கள். முன்பு அசல் விண்டோஸ் இருந்த லெப்டொப் என்றால், அதே பதிப்பை ஏற்றி இன்டர்நெட் கொடுத்ததும் தானே அடையாளம் கண்டுகொள்ளும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இன்டெல் 11ஆம் தலைமுறையும் அதன் பின் வந்தவையும் உள்ள பல லெப்டொப்களில், எங்கே ஏற்றுவது என்று கேட்கும் பட்டியல் வெறுமையாக வரும். டிஸ்க் செத்துவிட்டது என்று நினைத்துப் புது எஸ்எஸ்டி வாங்கிவிடாதீர்கள். விஎம்டி என்ற இன்டெல் அமைப்புக்குரிய டிரைவர் இல்லாததே காரணம். லெப்டொப் கம்பனியின் தளத்தில் உங்கள் மாதிரிக்கான ரெபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து, பென் டிரைவில் போட்டு, 'லோட் டிரைவர்' கொடுத்தால் டிஸ்க் தெரியும்.

உண்மையிலேயே செத்த லெப்டொப்: பயோஸ்

விண்டோஸ் அப்டேட்டோடு சேர்ந்து சில வேளை பயோஸ் அப்டேட்டும் வரும். பயோஸ் இருப்பது டிஸ்க்கில் அல்ல, மதர்போர்டில் உள்ள எட்டுக் கால் சிப் ஒன்றில். எழுதும்போது கரண்ட் போய், பெட்டரியும் தாங்காவிட்டால் சிப்பில் பாதிதான் இருக்கும். கம்பனி அடையாளம்கூட வராது, சில மாதிரிகளில் கேப்ஸ் லொக் விளக்கு ஒரே தாளத்தில் மினுங்கும்.

ஆனால் பயோஸ் ஏறிய பின் முதல் தடவை எழும்பும்போது, ரேமைச் சோதித்துப் பழகச் சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருப்பதும் இயல்பு. பதினைந்து நிமிடம் கொடுங்கள். பிறகும் வராவிட்டால் இதைச் செய்யுங்கள். எச்பியில்: சார்ஜரை மாட்டிக்கொண்டு, அணைத்த நிலையில் விண்டோஸ் விசையையும் பி (B) விசையையும் சேர்த்துப் பிடித்து, பவர் பட்டனை இரண்டு மூன்று விநாடி அழுத்தி விடுங்கள். மற்ற இரண்டையும் விடாமல் 'பீப்' வரும்வரை பிடித்திருங்கள். டெல்லின் பல மாதிரிகளில்: சார்ஜரைக் கழற்றி, கன்ட்ரோல், எஸ்கேப் இரண்டையும் பிடித்துக்கொண்டு சார்ஜரைச் செருகுங்கள். மீட்புத் திரை வந்தால் விடுங்கள்.

இதற்கும் அசையாவிட்டால்தான் கடை. அந்தச் சிப்பை புரோகிராமர் கருவியில் மாட்டி மறுபடி எழுத வேண்டும். திருத்துபவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, பழைய சிப்பில் உள்ளதை முதலில் படித்துச் சேமிப்பாரா. உங்கள் லெப்டொப்பின் தொடரிலக்கமும் விண்டோஸ் லைசன்ஸும் அதில்தான் இருக்கின்றன. மற்றது, சிப் 1.8 வோல்டா 3.3 வோல்டா என்று பார்த்தாரா. 1.8 வோல்ட் சிப்பை மலிவான கருவியில் 3.3இல் மாட்டினால் சிப்பே போய்விடும். இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படுபவரிடம் கொடுக்காமல் திரும்பலாம். 'மதர்போர்ட் போய்விட்டது' என்று உடனே சொல்பவரிடமும் அப்படித்தான்.

கடைக்குப் போகும்போது சார்ஜரையும் கொண்டு போங்கள். எந்தப் போல்டர்கள் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். டிஸ்க் மாற்றினால் பழையதைக் கையோடு வாங்கி வாருங்கள்.

எழும்பிய பிறகு

மைக்ரோசொப்டின் மாதாந்த அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வரும். இலங்கை நேரம் இரவு பத்தரை, பதினொன்றரை. அதாவது நம் கைக்கு வருவது புதன்கிழமை காலை. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட்டைத் திறந்து 'பவுஸ்' மூலம் ஒன்றிரண்டு வாரம் தள்ளி வையுங்கள். ஐந்து வாரம்வரை தள்ளலாம். கோளாறான அப்டேட்கள் பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே பிடிபட்டுவிடும். 2018 ஒக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் சிலரின் சொந்தக் கோப்புகளையே அழித்தது. ஒக்டோபர் 2 வெளியான அதை சில நாட்களிலேயே நிறுத்தி, நவம்பர் 13தான் திரும்ப விட்டார்கள். பொறுத்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்காக ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம், பாதுகாப்புத் திருத்தங்களும் அதில்தான் வருகின்றன. விண்டோஸ் 10க்கான வழமையான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது.

சி டிரைவில் 20 ஜிபி எப்போதும் காலியாக இருக்கட்டும். 128 ஜிபி எஸ்எஸ்டி உள்ள லெப்டொப்களில் பாதியில் நிற்கும் அப்டேட்களுக்கு இடப் பற்றாக்குறையும் ஒரு முக்கிய காரணம். ஹொட்ஸ்பொட்டை 'மீட்டர்ட் கனெக்ஷன்' என்று குறித்துவிட்டால் பெரும்பாலான அப்டேட்கள் கேட்காமல் டேட்டாவைக் குடிக்காது. 48 இலக்க எண்ணைத் தாளில் எழுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் வைக்கும் கோவையில் வையுங்கள்.

அப்டேட் போடும் நாளையும் பாருங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இங்கே பிற்பகலில் இடி இடிக்கும். அந்த மாதங்களில் காலையிலேயே முடித்துவிடுங்கள். பெட்டரி முழுதாக ஏறி, சார்ஜரும் மாட்டியிருக்க வேண்டும். பெட்டரி செத்த லெப்டொப்பில் பயோஸ் அப்டேட்டைத் தொடவே வேண்டாம். கரண்ட் போனால் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். குறைந்த வோல்ட்டேஜ் லெப்டொப் சார்ஜரை ஒன்றும் செய்யாது, அது 100 முதல் 240 வோல்ட்வரை தாங்கும். கரண்ட் திரும்பி வரும் நொடியில் வரும் உதைதான் அடிக்கும். பழைய லயன் வீடுகளில் எர்த் இல்லாத ப்ளக் பேஸ்கள் இன்னும் இருப்பதால் இது இரட்டிப்பு ஆபத்து. கரண்ட் வந்து பத்து நிமிடம் பல்பு நிலையாக எரிந்த பிறகு மாட்டுங்கள்.